சோர்வுறும் ஆயரும் தீத்துவின் வருகையும்

(கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் ஒளியில் ஒரு சிந்தனை)

முன்னுரை

நம்மிடம் பயின்று குருப்பட்டம் பெற்று, கிராமச் சேகரமொன்றில் பணியாற்றிவந்த இளம் ஆயர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. இரவில் உறக்கம் வருவதில்லை என்றும், சனிக்கிழமை மாலையானால் நெஞ்சில் ஓர் அச்சம் புகுந்துவிடுகின்றது என்றும், பிறருக்காக நாள்தோறும் ஜெபிக்கும் தமக்குத் தமக்காக ஜெபிக்கச் சொற்கள் எழுவதில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். தாம் மெய்யாகவே அழைக்கப்பட்டவர்தாமா என்ற வினாவோடு கடிதம் முடிந்திருந்தது.

நாம் காலம் தாழ்த்தாது மறுமொழி எழுதினோம். கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பதன் கேட்டையும், தேமா உலக ஆசையினால் பவுலடியாரைக் கைவிட்டுச் சென்றதையும், நற்செய்தி அறிவித்தலைத் தவிர்க்கவியலாக் கடமையாக அப்போஸ்தலர் உணர்ந்ததையும் இரண்டு பக்க அளவில் எடுத்துக்காட்டியிருந்தோம். அவர் மீண்டும் எழுதவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டத்தில் அவரைக் கண்டோம். திருப்பணியில் அவர் நிலைத்திருந்தார். அக்கடிதத்தைப் பற்றிக் கேட்டபொழுது, “ஐயா, நீங்கள் எழுதியவை யாவும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் ஒரு பேருந்து ஏறி வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, புன்முறுவலோடுதான் சொன்னார். ஆயினும் அச்சொல் இன்றுவரை நம்மை விட்டு அகலவில்லை.

இக்கட்டுரையை அம்மறுமொழியைத் திருத்தி எழுதும் முயற்சி எனக் கொள்ளலாம். சோர்வுற்ற திருப்பணியாளருக்குத் திருமறை உண்மையில் கூறுவது யாது? அவ்வினாவோடு கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தை அணுகுவோம்.

1. அன்றாடப் பாரம்

திருப்பணியாளர் படும் துன்பங்களைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் இரத்தசாட்சிகளையும் சிறையிருந்தோரையும் நினைவுகூர்கின்றோம். அது தக்கதே. ஆயினும் நம் ஆயர்களுள் மிகப் பலர் எதிர்கொள்ளும் போராட்டம் வேறு வகையினது. சனிக்கிழமை இரவு அருளுரைக் குறிப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் கிளைச் சபையிலிருந்து மரணச் செய்தி வருகின்றது. அடக்க ஆராதனையை முடித்துவிட்டு நள்ளிரவில் குருமனைக்குத் திரும்பினால், விடிந்ததும் மூன்று இடங்களில் ஆராதனை. திங்களன்று கோவிற்கூரை பழுதுபார்த்த கணக்கு. செவ்வாயன்று கல்லறைத் தோட்டத்தின் எல்லை பற்றிய வழக்கு. புதனன்று சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்றவர் கட்சி ஆயர்மேல் கொண்ட மனத்தாங்கல். இடையே ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, பள்ளி அலுவல், மேலிடத்துக்குச் செலுத்தவேண்டிய காணிக்கைப் பங்கு. பிள்ளைகள் ஒரு பள்ளியில் நிலைபெறுமுன் இடமாற்ற ஆணை வந்துவிடுகின்றது.

இவற்றுள் எதுவும் தனியே எடுத்துப் பார்த்தால் பெருந்துன்பம் அன்று. ஒரு பெருந்துன்பம் வந்தால் சபையே ஆயரைச் சூழ்ந்து நிற்கும். இச்சிறு துன்பங்களிலோ அவர் தனித்தே நிற்கின்றார். தமது சோர்வை வெளியிட்டால் விசுவாசக் குறைவு என்று பிறர் எண்ணுவர் என அஞ்சுகின்றார். பிறர் எண்ணுமுன் தாமே அவ்வாறு எண்ணிக்கொள்கின்றார். சோர்வைவிட, சோர்வைக் குறித்த வெட்கமே அவரை மிகுதியும் வாட்டுகின்றது. பெண் ஆயர்களுக்கோ, தம் தகுதியை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இப்பாரத்தோடு சேர்ந்துகொள்கின்றது.

பவுலடியார் தம் துன்பங்களைப் பட்டியலிடும் பகுதி நாம் நன்கறிந்தது (2 கொரி. 11:23-29). அடிகள், கல்லெறி, கப்பற்சேதம், பசி, குளிர் எனத் தொடரும் அப்பட்டியல், எல்லாச் சபைகளையும் பற்றி நாள்தோறும் அவரை அழுத்திய கவலையில் சென்று நிறைவுறுகின்றது. ‘கவலை’ எனப்படும் அவ்விடத்துக் கிரேக்கச் சொல் ‘மெரிம்னா’ என்பது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் விலக்கிய கவலையும், பிலிப்பியருக்கு எழுதுகையில் அப்போஸ்தலரே விலக்கிய கவலையும் இச்சொல்லின் வினையாலேயே குறிக்கப்படுகின்றன. கவலைப்படாதீர்கள் என்று பிறருக்குப் போதித்தவர் தாம் சபைகளுக்காகக் கவலைப்படுவதை மறைக்கவில்லை. சவுக்கடியையும் கடல் மோசத்தையும் சொல்லும் அதே பட்டியலில் அவர் அதற்கு இடம் தருகின்றார். சேகர ஆயரின் அன்றாடப் பாரம் அப்போஸ்தலப் பாடுகளின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

2. நிருபம் பிறந்த சூழல்

பவுலடியார் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை நிறுவினார் (அப். 18:11). அக்காலத்தில் அங்கு அதிபதியாயிருந்த கல்லியோனைக் குறிப்பிடும் கல்வெட்டு ஒன்று தெல்பி நகரில் கிடைத்துள்ளமையால், அவ்வூழியம் கி.பி. 50-52 ஆண்டுகளை ஒட்டியது எனக் கொள்ளலாம். பின்னர் எபேசுவிலிருந்து அவர் முதலாம் நிருபத்தை எழுதினார். அதன்பின் சபையில் நேரிட்ட குழப்பத்தைத் தீர்க்க அவர் மேற்கொண்ட பயணம் துயரத்தில் முடிந்தது என்பதை 2:1 குறிப்பாக உணர்த்துகின்றது. ஆகவே மீண்டும் நேரில் செல்லாமல், மிகுந்த கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதினார் (2:4). தீத்து கொரிந்துவுக்குச் சென்று சபையின் நிலையை அறிந்து திரும்பவேண்டியிருந்தது. அவர் வரும்வரை, சபை மனந்திரும்பிற்றா அல்லது அப்போஸ்தலரை முற்றிலும் ஒதுக்கிவிட்டதா என அறிய வழியில்லை.

இரண்டாம் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55 அல்லது 56இல் மக்கெதோனியாவிலிருந்து எழுதப்பட்டது. இதன் 10 முதல் 13 வரையுள்ள அதிகாரங்கள் தனியே எழுதப்பட்ட வேறொரு கடிதத்தின் பகுதியாகலாம் என ஆய்வாளர் பலர் கருதுவர். அவ்வினா நம் பொருளுக்குத் தடையன்று. எவ்வாறாயினும், தாம் பெற்றெடுத்த சபையினாலேயே புண்பட்ட ஓர் ஆயரின் உள்ளம் இந்நிருபம் முழுவதிலும் திறந்து காட்டப்படுகின்றது.

3. திறந்த வாசலை விட்டு அகன்றவர்

இந்நிருபத்தில் 2:12-13 ஆகிய இரு வசனங்கள் நம் தனிக் கவனத்திற்குரியவை. பவுலடியார் துரோவாவுக்கு வந்தார். அங்கே நற்செய்திக்கு ஆண்டவரால் வாசல் திறக்கப்பட்டிருந்தது. ஆனால் தீத்துவை அங்குக் காணாமையால் அவருடைய ஆவிக்கு அமைதியில்லாமற் போயிற்று. அவர் அவ்வூராரிடம் விடைபெற்று மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இதனை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. மக்கள் கேட்க ஆயத்தமாயிருந்தனர். வாசலைத் திறந்தவர் ஆண்டவர் என்பதும் அப்போஸ்தலருக்குத் தெரியும். எனினும், மனக்கலக்கத்தின் மிகுதியால் அவரால் அங்குப் பணிசெய்ய இயலவில்லை. நம் இளம் ஆயர் ஒருவர் இவ்வாறு செய்து, அதை நமக்குக் கடிதத்தில் எழுதியிருந்தால் நாம் அவருக்கு என்ன மறுமொழி எழுதியிருப்போம் என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

மக்கெதோனியாவுக்கு வந்த பின்னும் நிலை மாறவில்லை. வெளியே போராட்டங்களும் உள்ளே அச்சங்களும் அவரை வாட்டின என்று 7:5 கூறும். துரோவாவில் தம் ஆவிக்கு இல்லாதிருந்ததாக அவர் கூறும் இளைப்பாறுதலும், மக்கெதோனியாவில் தம் மாம்சத்திற்கு இல்லாதிருந்ததாகக் கூறும் இளைப்பாறுதலும் கிரேக்கத்தில் ஒரே சொல்லே: ‘ஆனெசிஸ்’. இறுக்கிக் கட்டப்பட்டது தளர்த்தப்படுதலை அச்சொல் உணர்த்தும். வில்லின் நாணைத் தளர்த்துதலை இதற்கு உவமையாக எண்ணலாம். ஆவியின் இறுக்கமும் உடலின் இறுக்கமும் தனித்தனியானவை அல்ல என்பதை அப்போஸ்தலர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். உறக்கமின்மையை ஆவிக்குரிய வாழ்வோடு தொடர்பற்ற ஒன்றெனவும், ஜெபிக்க இயலாமையை உடலோடு தொடர்பற்ற ஒன்றெனவும் பிரித்துக் காணும் நம் வழக்கத்தை இது திருத்துகின்றது.

தாம் அடைந்த இந்நிலையை அவர் எவருக்கு எழுதுகின்றார் என்பதும் கருதத்தக்கது. தம்மைக் குறைகூறிக்கொண்டிருந்த சபைக்கே எழுதுகின்றார். பயணத் திட்டத்தை மாற்றிக்கொண்டமையால் சொல்தவறுபவர் என்ற பழி அவர்மேல் ஏற்கெனவே சுமத்தப்பட்டிருந்தது (1:15-18). அந்நிலையிலும் அவர் தம் கலக்கத்தை மறைக்கவில்லை.

4. மூன்று அன்றாடப் போராட்டங்கள்

நம் ஆயர்களின் உள்ளத்தை அரிக்கும் மூன்று போராட்டங்கள் இந்நிருபத்தில் வெளிப்படையாகவே இடம்பெறுகின்றன.

முதலாவது, ஒப்பீடு. கடிதங்களில் பவுல் வன்மையுடையவர், நேரில் வலுவற்றவர், பேச்சோ மதிக்கத்தக்கதன்று என்று கொரிந்துவில் சிலர் கூறினர் (10:10). சொல்வன்மை மிக்க வேறு போதகர்கள் அங்கு வந்திருந்தனர். இன்று விசுவாசிகள் கைப்பேசியில் உலகப் புகழ்பெற்ற போதகர்களின் அருளுரைகளைக் கேட்டுவிட்டு ஆலயத்திற்கு வருகின்றனர். தங்கள் ஆயரின் குரலை அக்குரல்களோடு ஒப்பிடுகின்றனர். பவுலடியார் தாம் சொல்வன்மையில் தேர்ந்தவர் என்று வாதிடவில்லை. அக்குறையை ஒருவாறு ஒப்புக்கொள்கின்றார் (11:6). தம்மைத் தாமே அளவுகோலாக வைத்துத் தம்மை அளந்துகொள்வோரின் அறியாமையைச் சுட்டி (10:12), கடவுள் தமக்கு அளந்து கொடுத்த எல்லைக்குள் நிற்பதாகக் கூறுகின்றார் (10:13). அவ்வெல்லைக்குள் கொரிந்து இருந்தது. புகழ்பெற்ற போதகரின் எல்லைக்குள் நம் சேகரத்தின் நோயாளிகளும் விதவைகளும் இல்லை. அவர்களின் பெயரை அறிந்து, படுக்கையருகே அமர்ந்து ஜெபிப்பவர் அச்சேகரத்தின் ஆயரே.

இரண்டாவது, பணம் பற்றிய ஐயம். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பவுலடியார் தம் பொருட்டே திரட்டுகின்றார் என்ற முணுமுணுப்புக்கு இடமிருந்தது (12:16-18 காண்க). அவர் சினம்கொண்டு தம் நேர்மையைப் பறைசாற்றவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும், நம்பிக்கைக்குரிய மற்றொருவரையும் அனுப்பினார் (8:16-22). கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்று, மனிதருக்கு முன்பாகவும் நேர்மையாய் நடக்கவேண்டும் என்பது அவர் கூறும் காரணம். கணக்கைத் தனியே சுமக்கும் ஆயர், ஐயத்தையும் தனியே சுமப்பார். காணிக்கை எண்ணுமிடத்தில் எப்பொழுதும் வேறிருவர் இருத்தல், ஆயரைக் காக்கும் வேலியாகும்.

மூன்றாவது, அன்புக்கு அன்பு கிட்டாமை. நூலாசிரியர்கள் மிகக் குறைவாகப் பேசும் போராட்டம் இதுவே. நம் ஆயர்களை மிகுதியாக வருத்துவதும் இதுவே. மிகுதியாக அன்புகூர்ந்தும் குறைவாகவே அன்புகூரப்பட்டதாக அப்போஸ்தலர் வருந்துகின்றார் (12:15). ஊதியம் பெறாது உழைத்ததையும் அன்பின்மைக்கு அடையாளமாகக் கொரிந்தியர் கருதினர் போலும் (11:7-11). ஐந்தாண்டுகள் ஒரு குடும்பத்தின் எல்லா இன்ப துன்பங்களிலும் பங்கு கொண்டபின், ஒரு சிறு மனத்தாங்கலால் அக்குடும்பம் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவதுண்டு. அத்தகைய இழப்பின் வலியை அறிந்தவர் எழுதிய நிருபம் இது. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைப்பது போலத் தம்மையே செலவிட ஆயத்தமாயிருப்பதாக அவர் கூறுவது (12:14-15), அவ்வலி இல்லாமற் போனதால் அன்று, வலியோடே கூறுகின்றார்.

5. மண்பாண்டமும் நாளுக்குரிய புதுமையும்

இத்தகைய ஒருவரே, தாம் சோர்ந்துபோவதில்லை என்று நான்காம் அதிகாரத்தில் இருமுறை கூறுகின்றார் (4:1, 16). இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது? துரோவாவில் அமைதியின்றிப் புறப்பட்டவரும், ஆசியாவில் உயிர்பிழைப்போம் என்ற நம்பிக்கையையே இழந்தவரும் (1:8) இங்ஙனம் கூறுவது முரண்பாடன்றோ?

சோர்ந்துபோகாமை என்பது களைப்பே அடையாத நிலை எனக் கொண்டால் இது முரண்பாடே. ஆனால் 4:7இல் அவர் கூறும் உவமை வேறு பொருளைக் காட்டுகின்றது. கடவுளின் பொக்கிஷம் மண்பாண்டங்களில் வைக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் மக்கள் அன்றாடம் பயன்படுத்திய, உடைந்தால் குப்பையில் எறியப்படும் எளிய கலங்களே அவை. கொரிந்து நகர அகழ்வாய்வுகளில் மண் அகல்விளக்குகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. முந்திய வசனம் இருளிலிருந்து ஒளி தோன்றுதலைப் பற்றிப் பேசுவதால், அப்போஸ்தலர் உள்ளத்தில் அகல்விளக்கே இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. அகல் பொன்னாக மாறவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அதில் எண்ணெயும் திரியும் இருந்து சுடர் எரிந்தால் போதும். வல்லமை கடவுளுடையது என்பது விளங்கும்படியே கலம் மண்ணாக இருக்கின்றது.

4:16இல் வேறொரு நுட்பமும் உண்டு. புறமனிதன் தேய்ந்துகொண்டிருக்க, உள்மனிதன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுகின்றான். பாரம் நாள்தோறும் வருவது என்று 11:28 கூறுவதை முன்னரே கண்டோம். பாரம் நாள்தோறும் வருவதாயின், புதுமையும் நாள்தோறும் தரப்படுவதே. எட்டாம் அதிகாரத்தில் காணிக்கையைப் பற்றிக் கூறுமிடத்து மன்னாவின் வரலாற்றை அவர் எடுத்தாளுகின்றார் (8:15). மன்னாவை மறுநாளைக்கெனச் சேமித்துவைக்க இயலாது. குருப்பட்டம் பெற்ற நாளின் உற்சாகத்தை இருபது ஆண்டுகளுக்குச் சேமித்துவைக்க முயன்று, அது இல்லாமற் போயிற்றே என்று வருந்துவோர் நம்மில் பலர். அவ்வுற்சாகம் அந்நாளுக்குரியதாய் இருந்தது. இன்றைக்குரியதை இன்று பெறவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மண்பாண்டம் என்ற போதனை, சோம்பலுக்கு நாம் தேடும் போர்வையாகிவிடக்கூடாது. அருளுரைக்கு ஆயத்தம் செய்யாமல் மேடையேறிவிட்டுப் பலவீனத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையன்று. அதனினும் மேலாக, பொறுப்பிலிருப்போர் இப்போதனையைக் காட்டி ஆயர்களின் நியாயமான குறைகளைத் தட்டிக்கழிக்கக்கூடாது. சம்பளம் மாதந்தோறும் உரிய நாளில் கிடைக்கவேண்டும். குருமனையின் கூரை ஒழுகாதிருக்கவேண்டும். கல்வியாண்டின் நடுவில் இடமாற்றம் தவிர்க்கப்படவேண்டும். இவற்றைச் செய்யக்கூடியவர்கள் செய்யாதிருந்துவிட்டு, ஆயர் சிலுவை சுமக்கவேண்டும் என்று கூறுவது, தாம் விரலாலும் தொடாத சுமையைப் பிறர் தோள்மேல் ஏற்றுவதாகும்.

6. தீத்துவின் வருகை

நிருபத்தின் தொடக்கத்தில் 1:3-7 ஆகிய ஐந்து வசனங்களில் ஆறுதலைக் குறிக்கும் ‘பாராக்லேசிஸ்’ என்ற சொல்லும் அதன் வினையும் பத்து முறை வருகின்றன. கடவுளை எல்லா ஆறுதலின் ஊற்றாகப் பவுலடியார் புகழ்கின்றார். அவ்வாறாயின், மக்கெதோனியாவில் அவர் நொந்திருந்தபொழுது அக்கடவுள் அவருக்கு எவ்வாறு ஆறுதல் தந்தார்? தரிசனத்தாலோ வானத்துக் குரலாலோ அன்று. தாழ்ந்திருப்போரைத் தேற்றும் கடவுள் தீத்துவின் வருகையினால் தம்மைத் தேற்றினார் என்று அவர் எழுதுகின்றார் (7:6). ஒரு நண்பர் வந்து சேர்ந்தார். கடவுளின் ஆறுதல் அவரோடு வந்து சேர்ந்தது.

பவுலடியார் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவமுடையவர் (12:2). எனினும் அந்நாளின் சோர்வுக்கு அவ்வனுபவத்தின் நினைவு போதுமானதாய் இருக்கவில்லை. நெடும்பயணம் செய்து வந்த ஒரு மனிதரின் முகம் தேவைப்பட்டது. தீத்துவின் பெயர் அப்போஸ்தலர் நடபடிகளில் இடம்பெறவில்லை. இந்நிருபத்திலோ ஒன்பது முறை வருகின்றது. வரலாற்று நூலில் இடம்பெறாத ஒருவர், சோர்ந்தவரின் கடிதத்தில் இத்தனை முறை நினைக்கப்படுகின்றார்.

திருமறையில் இதே முறை மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது. மக்களின் பாரத்தைத் தனியே சுமக்கமுடியாது எனக் கதறிய மோசேக்கு எழுபது மூப்பர்கள் தரப்பட்டனர் (எண். 11). சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிய எலியாவைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை, உறங்கச் செய்து, அப்பமும் நீரும் அளித்து, மீண்டும் உறங்கவிட்டு, பின்பு எலிசாவைத் துணையாகத் தந்தார் (1 இராஜா. 19). உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரை ஆண்டவர் தனியிடத்திற்கு ஓய்வெடுக்க அழைத்தார் (மாற். 6:31). உணவு, உறக்கம், துணை ஆகிய எளிய கொடைகளாலேயே கடவுள் தம் ஊழியரை மீண்டும் எழுப்புகின்றார்.

நம் மண்ணின் வரலாற்றிலிருந்து ஒருவரை இங்கு நினைவுகூர்வோம். 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன் என்பவர், பல ஆண்டுகள் உபதேசியாராகப் பணியாற்றியபின், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதன்முதலாகச் சீர்திருத்தத் திருச்சபையின் குருப்பட்டம் பெற்றவர் அவரே. இன்று மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்தைச் சூழ்ந்த கிராமச் சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. இரண்டாமவராகத் தியோகு 1741இல் குருப்பட்டம் பெறும்வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், தம்மைப் போன்ற தமிழ் ஆயர் ஒருவரும் இல்லாத நிலையில் அவர் பணியாற்றினார். 1745இல் அவர் இறைவனடி சேர்ந்தார். ‘முதல் ஆயர்’ என்று நாம் பெருமையோடு கூறும் அச்சொல்லுக்குள், உடன் ஆயர் இன்றி நடந்த அந்த எட்டு ஆண்டுகளும் அடங்கியுள்ளன. இன்று நமக்கு உடன் ஆயர்கள் பலர் உளர். எனினும், அருகருகே உள்ள சேகரங்களில் இருந்துகொண்டே தனித்திருக்கின்றோம்.

அண்மை நூற்றாண்டிலிருந்து ஒரு முன்மாதிரியும் உண்டு. ஜெர்மனியில் நாட்சி ஆட்சிக்கு இணங்க மறுத்த ‘அறிக்கைத் திருச்சபை’யின் இளம் ஆயர்களை உருவாக்க, தீத்ரிக் போன்ஹோஃபர் 1935இல் தொடங்கி நடத்திய சிறு இறையியல் பயிற்சிக்கூடம் ஃபிங்கன்வால்டே என்னுமிடத்தில் இயங்கியது. 1937இல் காவல்துறை அதை மூடியது. அதன் மாணவர்கள் சிதறிச் சிற்றூர்களில் தனித்தனியே பணிபுரிந்தனர், சிலர் சிறைப்பட்டனர், பின்னர் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டு மடிந்தனர். போன்ஹோஃபர் அவர்களுக்குச் சுற்றுக்கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அங்கு வாழ்ந்த பொதுவாழ்வின் அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. கிறிஸ்தவன் தன் உள்ளத்தில் கேட்கும் சொல்லைவிடச் சகோதரன் வாயிலாக வரும் கிறிஸ்துவின் சொல் உறுதியானது என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. தன் உள்ளம் கலங்கும்போது சகோதரனுடைய சொல் நிலைத்து நிற்கும். இறையியல் ஆசிரியரின் கடமை பட்டமளிப்போடு முடிவதில்லை என்பதற்கு அவர் சான்றாவார்.

7. நாம் செய்யத்தக்கவை

இச்சிந்தனையிலிருந்து சில நடைமுறைக் கருத்துகளை நம் ஆயர்கள் முன்னும் மாணவர்கள் முன்னும் வைக்க விழைகின்றோம்.

அண்டைச் சேகரங்களின் ஆயர்கள் நால்வர் அல்லது ஐவர் திங்களுக்கு ஒருமுறை ஒருவர் இல்லத்தில் கூடலாம். அக்கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலும் கணக்கறிக்கையும் வேண்டா. ஒரு திருமறைப் பகுதி, ஒரு வேளை உணவு, ஒருவருக்கொருவர் உண்மை கூறுதல், ஜெபம் ஆகியவை போதும். அங்குப் பேசப்படுவது வெளியே செல்லாது என்ற உறுதி இருத்தல் வேண்டும். அவ்வுறுதி ஒருமுறை மீறப்பட்டால் மீண்டும் எவரும் வாய்திறவார்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வை ஆயர் தமக்கும் தம் குடும்பத்திற்கும் ஒதுக்கி, அதனைச் சபைக்கு வெளிப்படையாக அறிவிக்கலாம். ஓய்வுநாளைப் பிறருக்குப் போதிப்பவர் அதனைத் தாம் கைக்கொள்வதும் ஓர் அருளுரையே. குருமனையில் வாழும் துணைவரும் பிள்ளைகளும் சபையின் பாரத்தைப் பங்கிடுகின்றனர். அவர்களுடைய சோர்வைக் கேட்பவர் எவர் என்பதையும் சேகரம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

உறக்கமின்மையும் வாழ்வில் விருப்பமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுதல் வேண்டும். அது விசுவாசக் குறைவன்று. தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்காக ஜெபத்தோடு நில்லாமல் நடைமுறை மருந்தொன்றையும் அப்போஸ்தலர் பரிந்துரைத்தார் (1 தீமோ. 5:23). உள்ளத்தின் நோய்க்கும் அதே நெறி பொருந்தும். சாவை விரும்பும் எண்ணம் ஒருவருக்கு எழுமாயின், அவர் அதனை அன்றே ஒருவரிடம் கூறவேண்டும்; கேட்டவர் அன்றே அவரிடம் செல்லவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். இன்று உணவறையில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவர், பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் உங்களுக்குத் தீத்துவாக வரவேண்டியவர். தேர்வு மதிப்பெண்ணில் அவரை முந்துவதைவிட, அவர் நம்பிக்கைக்கு உரியவராவது பெரிது.

முடிவுரை

தீத்துவின் வருகையால் கொரிந்துவின் சிக்கல்கள் யாவும் தீர்ந்துவிடவில்லை. எனினும் பவுலடியார் பின்னர் அகாயா நாட்டிற்குச் சென்று மூன்று மாதம் தங்கினார் (அப். 20:2-3). அப்பொழுது கொரிந்துவிலிருந்தே ரோமர் நிருபத்தை அவர் எழுதினார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. தாமதமாகிவந்த காணிக்கையும் அகாயாவில் திரட்டப்பட்டது என்பதை அந்நிருபமே காட்டும் (ரோ. 15:26). அவரை உறங்கவிடாது வருத்திய சபை, அவர் தம் மிகச் சிறந்த நிருபத்தை எழுத இடமளித்த சபையாயிற்று. துரோவாவில் இருந்தபொழுது அவர் இதனை அறிந்திருக்க வழியில்லை.

அதன்பின்னும் அச்சபை முழுமை அடைந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு மீண்டும் பிளவு உண்டாகி, மூப்பர்கள் சிலர் நீக்கப்பட்டனர். ரோமச் சபை அப்பொழுது அனுப்பிய கடிதம் கிளெமெந்தின் முதல் நிருபம் என வழங்குகின்றது. அக்கடிதத்தையும் வெறுமனே அனுப்பிவிடவில்லை. அதனோடு மூவரை நேரில் அனுப்பினர். ஆகவே, நம் உழைப்பின் பயன் நம் கண்முன் நிலைபெற்று நிற்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. நமக்கு ஒப்புவிக்கப்பட்ட நாளில், ஒப்புவிக்கப்பட்ட சபையில், தனித்துவிடாமல் பணியாற்றுவதே நம்மிடம் கேட்கப்படுவது.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆயர்களுள் இன்று சோர்ந்திருப்போர் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இது: உங்கள் சோர்வு, உங்கள் அழைப்பு பொய் என்பதற்குச் சான்றன்று. அதனைக் குறித்து வெட்கப்படவேண்டா, ஒருவரிடம் கூறுங்கள். சோர்வின்றி இருப்போருக்கு நாம் கூறுவது வேறு. உங்கள் உடன் ஆயர்களுள் அண்மைக்காலத்தில் கூட்டங்களுக்கு வராதவர், கடிதத்திற்கு மறுமொழி தராதவர், பேச்சைக் குறைத்துக்கொண்டவர் ஒருவர் உங்கள் நினைவுக்கு வருவார். அவருக்கு வசனம் எழுதி அனுப்புவது நன்று. ஆயினும் முதலில் பேருந்து ஏறி அவரிடம் செல்லுங்கள். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே.